சீவாளியும் சவ்வும்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒலி என்பது கூம்பிலிருந்து வருவது. சித்திரையிலும் ஆடியிலும் ஏதாவது ஓர் ஊரில் அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடக்காத வாரம் இராது. கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு, நையாண்டி மேளம் உண்டு. அவற்றுக்கெல்லாம் முந்தி வந்து சேர்வது ரேடியோ செட்டு. பனையின் உச்சியில் குழாயைக் கட்டி, திசைக்கொன்றாகத் திருப்பி வைத்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரனுக்கும் தூக்கம் கிடையாது. சத்தம் ஊரெல்லையைத் தாண்டவேண்டும் என்பதே அதன் ஒரே இலக்கணம். வயல் நடுவே நின்று கேட்டால் பாட்டின் சொற்கள் தேய்ந்துபோய், ஒரு பித்தளைக் குரல் மட்டும் காற்றில் ஏறி இறங்கும். அதில் ஓர் அழகு உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு தலைமுறையாக எங்கள் காதுகள் அந்தக் கூம்பின் அளவுக்கே வெட்டித் தைக்கப்பட்டுவிட்டன என்பதும் உண்மை.

இசையைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு. ராக லட்சணம் பேசும் அளவுக்கு எனக்குக் கேள்வி ஞானம் கிடையாது. நான் சொல்ல வந்தது இசை நம்மை வந்தடையும் வழியைப் பற்றி. அந்த வழியில் நான் கையால் செய்து வைத்த இரண்டு பொருள்களைப் பற்றி. ஒன்று, மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கட்டிய ஓர் ஆம்ப்ளிஃபயர். மற்றது, அது இயக்குகிற நிலைமின் ஒலிபெருக்கி. இரண்டும் 2012இல் தொடங்கி மறு வருடம் மாசியில் முடிந்தன. எதற்காக இந்த வேலை என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்றே சொல்லிவந்தேன். உண்மையான காரணம் என் பெரியப்பா.

செங்கோட்டை ரயில் சேரன்மகாதேவியை விட்டு நகர்ந்தால் அடுத்து வருவது காருகுறிச்சி. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய் பாயும் ஊர், நெல்லும் வாழையும். அருணாசலம் பிறந்தது அங்கே, 1921இல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவர் 1956இல் மறைந்த பிறகு அந்த வாசிப்பின் வாரிசாகவே கொண்டாடப்பட்டவர். வெளியூர்க்காரர்களுக்கு அவரைத் தெரிந்தது பெரும்பாலும் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு ஒலித்த ஆபேரியால். இரண்டே ஆண்டில், 1964இல், அவர் போய்விட்டார். திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியதே 1963இல்தான். சொந்த மண்ணின் வானொலிக்கு அவர் கிடைத்த காலம் எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள்.

பெரியப்பாவுக்கு ஊர் வீரவநல்லூர். இளவயதில் அருணாசலம் எங்கே வாசித்தாலும், கல்யாண வீடானாலும் கோயில் புறப்பாடானாலும், நடந்தோ வண்டி பிடித்தோ போய் நின்றவர். வானொலியிலிருந்து யாரோ பதிந்து, கை மாறிக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த கேசட் ஒன்று இருந்தது. தோடி ஆலாபனையும் அதைத் தொடர்ந்து ஒரு கீர்த்தனையும். அதை எந்தக் கருவியில் போட்டுக் காட்டினாலும் அவர் சொன்னது ஒன்றே.

"ஏல, இது அவரு இல்ல. அவரு ஊதுனா சத்தம் நம்மள வந்து இடிக்காது. சுத்திக்கிடும்."

வயதானவர்களின் வழக்கமான பழம்பெருமை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். எனக்கு அந்த 'சுத்திக்கிடும்' என்ற சொல் விடவில்லை. நாகஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம். மைக் இல்லாத காலத்தில் நான்கு வீதிக்கும் கேட்கும்படி ஊதப்பட்டது. அவ்வளவு பெரிய ஒலி இடிக்காமல் சூழ்ந்துகொள்ளும் என்று, அருகில் நின்று கேட்ட ஒருவர் சொன்னால் அதில் ஏதோ இருக்கவேண்டும். இன்று கோயில்களில் நாகஸ்வரத்தின் அணசுக்கு முன்னால் மைக்கை வைத்து, அதைக் கூம்பு வழியாக வெளியே தள்ளுகிறோம். இரட்டை நாணலின் ஒலியில் இயல்பாகவே கூர்மை அதிகம். கூம்பு அந்தக் கூர்மையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை உதறிவிடுகிறது. நாகஸ்வரத்துக்கு நாம் செய்த அநியாயங்களில் இதையும் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி.

சாதாரண ஒலிபெருக்கியில் ஒலியை உண்டாக்குவது ஒரு காகிதக் கூம்பு. அதன் கழுத்தில் ஒரு காயில், பின்னால் காந்தம். எட்டு அங்குலக் கூம்பும் காயிலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கும். நாகஸ்வரக்காரர் நாக்கால் சீவாளியைத் தட்டித் துத்துக்காரத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும்போது, அந்த 20 கிராம் ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து, ஓடி, நிற்கவேண்டும். எழுவதில் சற்றே தாமதம். நிற்பதில் இன்னும் கொஞ்சம். காதுக்கு அது தவறாகத் தெரியாது. எல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளைகள் உள்ள இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். சவ்வில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம். இரு தகடுகளிலும் இசையின் மின்னழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்க, சவ்வு ஒரு பக்கம் இழுக்கப்பட்டு மறுபக்கம் தள்ளப்படும். சவ்வின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் அசைகிறது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் தம் குவாட் நிறுவனத்தின் வழியாக 1957இல் இப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் மாதிரியைப் பழுதுபார்த்து இன்றும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உலகெங்கும் உண்டு.

ஆறு மைக்ரான் தடிமனுள்ள மைலார் தாளில் ஒரு சதுர மீட்டரின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு கிராம் சொச்சம். அதே பரப்பில் ஏழு மில்லிமீட்டர் காற்றின் எடையும் அதேதான். அதாவது, சவ்வு அசைக்கவேண்டிய காற்றும் சவ்வும் ஏறக்குறைய ஒரே கனம். காற்றே காற்றை அசைப்பதற்கு இதைவிட நெருக்கமாகப் போவது கடினம். அன்று இரவே இதைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

விலைக்கு வாங்குவது நம் சக்திக்கு அப்பாற்பட்டது. செய்வதற்கோ, யோசித்துப் பார்த்தால், எல்லாம் ஜங்ஷனிலும் டவுனிலும் கிடைக்கிற சாமான்கள். துளையிட்ட தகட்டுக்குப் பதிலாக வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் ஒற்றைக்கம்பி வயர். அதன் மேலுள்ள பி.வி.சி. உறையே மின்காப்பு. ஓரடி அகலமும் இரண்டரை அடி உயரமுமாகத் தேக்குச் சட்டம் ஒன்று செய்து, அதில் வயரை முறுக்கில்லாமல் இழுத்து, பாய் நெய்கிறவர்கள் பாவு கட்டுவதுபோல வரிசையாகக் கட்டினேன். பத்தமடையில் கோரைக்குப் பாவு ஓட்டுவதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். இழைக்கு இழை ஒரே இழுப்பு. அந்த ஒழுங்கில் பாதி வந்தாலே போதும் என்றிருந்தது.

மைலார் சுருளை நண்பர் ஒருவர் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பினார். கையில் எடுத்தால் எடையே தெரியாது. மூச்சு விட்டால் பறக்கும். இதைச் சுருக்கம் இல்லாமல் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பது எப்படி? உலகம் முழுவதும் இந்த வேலை செய்பவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி சைக்கிள் டியூப். பலகையின் ஓரமாக டியூபைச் சுற்றிவைத்து, அதன் மேலாகத் தாளை விரித்து, விளிம்புகளைப் பலகையின் அடியில் ஒட்டிவிட வேண்டும். பிறகு பம்பை எடுத்துக் காற்றடிக்க வேண்டியதுதான். டியூப் உப்ப உப்பத் தாள் நாலாபுறமும் ஒரே சீராக இறுகும். விரலால் சுண்டினால் தவில் தோலைப்போல ஒரு சுருதி எழும். அந்தச் சுருதியைக் கேட்டுக் கேட்டுத்தான் காற்றை நிறுத்தவேண்டும். வாடகைக்கு சைக்கிள் விடும் கடைக்காரர், பழைய டியூப் போதும் என்று நான் சொன்னதை நம்பாமல், புது டியூபையே தந்து பாதிக் காசு வாங்கிக்கொண்டார்.

சவ்வுக்கு மின்னேற்றம் தங்கவேண்டும், ஆனால் ஓடக்கூடாது. கிராஃபைட் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கவேண்டும். தேய்த்ததை எல்லாம் திரும்பத் துடைத்து எடுக்கவேண்டும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அளவுக்குத் துடைத்த பிறகு மிஞ்சுவதுதான் தேவையான பூச்சு. அதன் மின்தடை எந்த மல்டிமீட்டரின் எல்லைக்கும் அப்பால் இருக்கும். பூச்சு அதிகமானால் மின்னேற்றம் சவ்வின் மேல் இங்குமங்கும் ஓடி ஒலியைக் கெடுக்கும்.

மூவாயிரம் வோல்ட்டுக்கு டயோடுகளும் கெப்பாசிட்டர்களும் ஏணிப்படிபோல அடுக்கிய ஒரு சிறு பலகை போதும். வீட்டு மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். ஒவ்வொரு படியிலும் அதன் இருமடங்கு சேர்ந்துகொண்டே போய், ஐந்தாம் படியில் மூவாயிரத்தைத் தாண்டும். 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தபோது பயன்படுத்தியதும் இதே ஏணி. அவர்களுடையது பல லட்சம் வோல்ட். வரலாற்றின் அவ்வளவு பெரிய கருவி நம் வீட்டு மரப்பெட்டியில், கால்காசு டயோடுகளில் குடியிருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஏணியின் முடிவில் 20 மெகா ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் ஓடும் மின்சாரம் மிகச் சிறிது. ஆனாலும் டிரான்ஸ்பார்மர் பக்கம் உயிரைக் குடிக்கக்கூடியது. அதில் விளையாட்டு கூடாது.

அந்த டிரான்ஸ்பார்மருக்காகத்தான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணாச்சியிடம் போனேன். 230 வோல்ட்டை ஆறு வோல்ட்டாகக் குறைக்கிற வளைய வடிவ டிரான்ஸ்பார்மர் இரண்டு. அவற்றைத் திருப்பிப்போட்டு, ஆறு வோல்ட் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரை இணைத்து, மறுபக்கங்களைத் தொடராகக் கோத்தால் இசையின் மின்னழுத்தம் 77 மடங்காக உயரும்.

"தலகீழால்லா கேக்கீரு" என்றார் அண்ணாச்சி. "பாத்து வே. சாவடிச்சிரும்."

சொன்னாரே தவிர, வளையத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே இரட்டைக் காப்பு சுற்றித் தந்தார்.

இனி ஆம்ப்ளிஃபயர். இந்த ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயரின் கண்ணுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர். சட்டத்தின் அளவைக்கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 500 பிகோஃபாரட், அற்பம். ஆனால் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிப் பார்க்கும்போது அது 77இன் வர்க்கத்தால் பெருகி மூன்று மைக்ரோஃபாரடாக நிற்கும். ஆயிரம் ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 53 ஓம். இருபதாயிரத்தில் மூன்று ஓமுக்கும் கீழே. சுருதி ஏற ஏறச் சுமை கூடுகிறது. அதோடு, கெப்பாசிட்டர் கொடுத்ததைத் தின்னாது, திருப்பி அனுப்பும். திரும்பி வருகிற அத்தனையும் டிரான்சிஸ்டர்களின் தலையில்தான் வெப்பமாக இறங்கும். பழைய இருமுனை டிரான்சிஸ்டர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தீராத நோய் உண்டு. உள்ளே ஓரிடம் சற்றுக் கூடுதலாகச் சூடானால் மின்னோட்டம் முழுவதும் அந்த இடத்துக்கே திரளும். திரண்டு அதை உருக்கும்.

மாஸ்ஃபெட்டுக்கு அந்தச் சுபாவம் பெருமளவு இல்லை. 1970களின் பிற்பகுதியில் ஹிட்டாச்சி இதற்கென்றே வெளியிட்ட ஜோடிகள் சூடேறினால் தாமாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் நற்குணம் படைத்தவை. டேவிட் ஹாஃப்லர் போன்றவர்கள் அவற்றைக் கொண்டு வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட்டுகளையே விற்றார்கள். அந்த ஜோடிகளின் உற்பத்தி நின்று வெகுகாலமாயிற்று. அந்தப் பெயர் அச்சிட்டுச் சந்தையில் உலவுவனவற்றை நம்புவதற்கில்லை. ஆகவே ஐ.ஆர்.எஃப்.பி. 240, அதன் ஜோடியான 9240. பக்கத்துக்கு மூன்று ஜோடி. இவை மின்னோட்டம் குறைவாக இருக்கையில் சூட்டுக்கு அடங்காதவை என்பதால், ஹீட் சிங்கோடு ஒட்டி நின்று சூட்டை மோப்பம் பிடிக்கும் இன்னொரு சிறு டிரான்சிஸ்டர் வேண்டும். ஒவ்வொன்றின் கேட்டிலும் ஒரு சிறு ரெசிஸ்டர் வேண்டும். இல்லையேல் காதுக்கு எட்டாத அலைவரிசையில் அவை தாமாகவே பாடத் தொடங்கும். ஹீட் சிங்க் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. சர்க்யூட்டின் அடிப்படை, நான் 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழை வரி விடாமல் படித்த நாள்களிலேயே மனதில் பதிந்திருந்தது.

வேலை நடக்கும்போது ஒன்று கவனித்தேன். அதற்காகத்தான் இவ்வளவு நுணுக்கமும் சொல்ல நேர்ந்தது. 1959-60இல் பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் காங்கும் உருவாக்கிய மாஸ்ஃபெட்டின் உயிர், ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தில் இருக்கிறது. கேட் எனும் முனை அந்தப் படலத்துக்கு இப்பால். மின்னோட்டம் அதற்கு அப்பால். ஒன்றையொன்று தொடுவதேயில்லை. படலத்தின் ஊடாக மின்புலம் மட்டும் கடந்து அந்தப் பக்கத்து ஓட்டத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ஒலிபெருக்கியிலும் அப்படியே. தகடு சவ்வைத் தொடுவதில்லை. நடுவே இரண்டு மில்லிமீட்டர் காற்று. அதன் வழியே ஒரு புலம். ஒரே தத்துவம், ஒரு முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் மறுமுனையில் கதவு அளவிலும். அளவுகளின் முரண்தான் வேடிக்கை. சவ்வுக்கு மூவாயிரம் வோல்ட் வேண்டும். மாஸ்ஃபெட்டின் கேட்டோ இருபது வோல்ட்டைத் தாண்டினால் செத்துவிடும். சட்டையைக் கழற்றும்போது உடம்பில் சேரும் நிலைமின்சாரமே அதற்கு எமன். மேசையின் ஒரு கோடியில் ஒன்றையும் மறுகோடியில் மற்றதையும் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு தரையில் நின்று வேலை பார்த்தேன்.

2012 எந்த ஆண்டு என்று தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரத்தைச் சொல்வது எளிது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் ஆனி, ஆடியில் காற்றாலைகளின் புண்ணியத்தில் கொஞ்சம் தேவலை. மற்ற மாதங்களில் பற்றவைப்புக் கோல் சூடேறி வருவதற்குள் விளக்கு போய்விடும். இருட்டில் செய்யக்கூடிய வேலை வயர் இழுப்பதும் சட்டம் தேய்ப்பதும். அவற்றையெல்லாம் அந்த நேரங்களுக்கு ஒதுக்கிக்கொண்டேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை அழைத்து வந்து உட்காரவைத்தேன். இந்த ஒலிபெருக்கி முன்னால் எவ்வளவு ஒலிக்கிறதோ பின்னாலும் அவ்வளவே ஒலிக்கும். பின்சுவரில் மோதித் திரும்புவதைத் தணிக்கப் பத்தமடைப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். பார்ப்பதற்கு ஏதோ ஜன்னல் சட்டத்தைக் கழற்றி நிறுத்தியதுபோல இருந்தது. "இதுல எங்க இருந்துல சத்தம் வரும்?" என்று அதன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

முதலில் கேட்டது கேசட்டின் இரைச்சல். இவ்வளவு இரைச்சல் அதில் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. நல்ல கருவி எதையும் மறைக்காது. ஒலிப்பதிவின் வறுமையையும் சேர்த்தே கொண்டுவந்து வைக்கும். மைக் எடுக்காமல் விட்டதை எந்த ஆம்ப்ளிஃபயராலும் தேடிக் கொண்டுவர முடியாது. பிறகு, ஆலாபனைக்கு முன்னால் ஒரு கீறல் சத்தம். அந்த இடம் எனக்கு மனப்பாடம். கேசட்டில் நாடா சுருங்கிய இடம் என்றே நினைத்துவந்தேன். அன்று அது கீறலாக இல்லை. யாரோ மூச்சை உள்ளிழுத்து, அரை நொடி ஊதி, நிறுத்துவதாக இருந்தது. சற்று அமைதி. மறுபடியும் ஓர் அரை நொடி, இம்முறை சுருதியில் சேர்ந்து.

பெரியப்பா கையை உயர்த்தினார். "சீவாளிய மாத்துதாரு."

நான் நிறுத்தப்போனேன். வேண்டாம் என்று சைகை காட்டினார். தோடி தொடங்கியது. அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. தலையாட்டவும் இல்லை. அந்த அறையில் இரண்டு பேர் மட்டும் இல்லை என்பதுபோல, சுவரில் சாய்ந்து, வேட்டியின் முந்தியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நிமிடம். கீர்த்தனையில் தவில் சேர்ந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"தவில்காரன் எங்கல? பந்தலுக்கு வெளிய நிக்கானா?"

கேட்டது நியாயம். ஓரடி அகலச் சட்டத்தில் தாழ்ந்த ஒலிகள் முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் நிற்காது. தவிலின் குச்சி விழும் ஓசை துல்லியமாக வந்தது, உடம்பு வரவில்லை. சத்தமும் போதவில்லை என்றார். அதுவும் நியாயமே. நாலு வீதி வாத்தியத்தை ஒரு சன்னல் சட்டத்துக்குள் அடைத்தால் அப்படித்தான் இருக்கும். இது அவர்தானா என்று நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், அந்தச் சீவாளி மாற்றும் இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அடுத்த வருடம் பத்து அங்குலக் கூம்பு இரண்டைப் பெட்டியில் அடைத்து, தாழ்ந்த ஒலிகளை மட்டும் அவற்றுக்குத் தனி ஆம்ப்ளிஃபயரில் பிரித்துக் கொடுத்தேன். மெல்லிய சவ்வின் வேகத்தோடு கனத்த கூம்பை இசைவிப்பது எளிதல்ல. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தையல் தெரியும், எனக்கு இன்றும் தெரிகிறது. பெரியப்பா வந்து கேட்டார். "இப்பம் உள்ள வந்துட்டான்" என்றார். தவில்காரனைத்தான். அதன்பின் 2017 வரை, ஒவ்வொரு மாசியிலும் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஏன் மாசி என்றால், இந்தக் கருவிக்கு ஆகாதவை இரண்டு: ஈரமும் தூசியும். ஈரம் குறைந்திருக்கும் காலம் அது. மின்னேற்றம் பெற்ற சவ்வு தூசியைத் தேடி இழுக்கும். ஆனியில் செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்கத் தொடங்கினால் மின்னழுத்தம் மெல்லக் கசியும். இருட்டில் காதை வைத்துக் கேட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலச் சின்னஞ்சிறு ஒலிகள். அப்போது ஏணியை அணைத்துவிட்டு, துணி போட்டு மூடி, ஆவணி வரை தொடாமல் விட்டுவிடுவேன். சவ்வை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். டியூப் அதேதான், பஞ்சர்கூட ஒட்டவில்லை. ஆம்ப்ளிஃபயரில் மாஸ்ஃபெட்டுகள் ஒன்றும் போகவில்லை. பெரிய கெப்பாசிட்டர்கள் நான்கில் ஒன்று உப்பத் தொடங்கியிருக்கிறது. இந்த மழை முடிந்ததும் நான்கையும் மாற்றவேண்டும்.